விலகினார் என்று ஒரு சொல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதழியல் படிக்கும் மாணவிகளுக்கு விளையாட்டுச் செய்தி எழுதுவதைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. பழைய டென்னிஸ் போட்டிகளின் முடிவுப் பட்டியல்கள் சிலவற்றை அச்செடுத்துக் கொடுத்து, இந்த எண்களை மட்டும் வைத்து நாலு வரிச் செய்தி எழுதுங்கள் என்றேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 1993, ஹாம்பர்க், பெண்கள் ஒற்றையர் கால் இறுதி, மோனிகா செலஸ் – மக்தலேனா மலீவா, 6-4, 4-3, செலஸ் விலகினார்.

மாணவிகள் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தது. முன்னிலையில் இருந்த செலஸ் காயம் காரணமாக விலக, மலீவாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவர் அரை இறுதிக்குள் நுழைந்தார். ஒருத்தி மட்டும் தாளை நீட்டிக் கேட்டாள்: "ஜெயிச்சுக்கிட்டு இருந்தவங்க எதுக்கு மேம் விலகணும்?"

"விலகலைம்மா. ஒரு ஆள் முதுகுல கத்தியால குத்திட்டான்" என்றேன்.

அவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரியாதது அவர்கள் தவறு இல்லை. அந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் தெரியாது. கணுக்கால் பிசகினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், கோபித்துக்கொண்டு மட்டையை வீசிவிட்டுப் போனாலும் டென்னிஸ் அட்டவணை போடும் சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு எழுவாய் ஆட்டக்காரர். விலகியது அவர். அவர் என்ன செய்தார் என்று அது சொல்லும். அவருக்கு என்ன செய்யப்பட்டது என்று சொல்ல அதில் இடம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது. அதை எழுதியவர்கள் ஒருவர் இல்லை. போட்டியை நடத்தியவர்கள் எழுதினார்கள், நீதிமன்றம் எழுதியது, சக ஆட்டக்காரர்கள் எழுதினார்கள், புள்ளிவிவரப் பிரியர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் செலஸே எழுதினார்.

ஹாம்பர்க்கின் ரோதன்பாம் அரங்கில் அந்தப் பெண்கள் போட்டி 1987 முதல் 2002 வரை ஆண்டுதோறும் நடந்தது. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனுக்கு முன்பாக வீராங்கனைகள் களிமண் தரைக்குக் காலைப் பழக்கிக்கொள்ளும் போட்டிகளில் ஒன்று. களிமண் என்று பெயர்தானே தவிர அது நம் ஊர்க் களிமண் இல்லை. செங்கல்லைப் பொடித்துப் பரப்பிய தரை. பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஒரு செட் முடிந்ததும் பெரிய பாயை இழுத்துத் தடங்களையெல்லாம் அழித்துவிடுவார்கள். 1987இலிருந்து 1992 வரை தொடர்ந்து ஆறு வருடங்கள் அங்கே கோப்பையை வென்றவர் ஸ்டெஃபி கிராஃப். ஜெர்மனியில் ஜெர்மன் பெண். ஊரே அவர் பக்கம்.

1993இல் அங்கே வந்தபோது செலஸுக்கு வயது 19. யூகோஸ்லாவியாவின் நோவிசாத் நகரில் ஹங்கேரிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கேலிச்சித்திரக்காரர். மகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இரண்டு பக்கமும் இரண்டு கைகளால் மட்டையைப் பிடித்து அடிக்கும் செலஸின் ஆட்டம் அதற்குமுன் பார்த்திராத ஒன்று. 1990இல் பெர்லினில், அதுவும் களிமண் தரைதான், தொடர்ந்து 66 ஆட்டங்கள் தோற்காமலிருந்த கிராஃபைத் தோற்கடித்தார். அடுத்த சில வாரங்களில் பாரிஸிலும். இருபது வயது ஆவதற்குள் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். உலகின் முதல் நிலை வீராங்கனை. அந்த வருடம் காய்ச்சலில் படுத்து, இரண்டு மாதம் ஆடாமலிருந்து, மறுபடியும் ஆட வந்த முதல் போட்டி ஹாம்பர்க்.

ஏப்ரல் 30. ஆட்டத்தில் பக்கம் மாறும் இடைவேளை. ஆட்டக்காரர்கள் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி உட்காரும்படிதான் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. 38 வயது ஆள் ஒருவன் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி வந்து, கசாப்புக்கடையில் எலும்பை விட்டுக் கறியைப் பிரிக்கும் கத்தியால், தோள்பட்டைகளுக்கு நடுவே குத்தினான். அந்த நொடியில் செலஸ் முன்னால் சாய்ந்திருந்தார். கத்தி ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியது, முதுகுத்தண்டைத் தொடவில்லை. அவன் பெயர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, இங்கே எழுதப்போவதில்லை. தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கடமும் இருக்கிறது: நம் செய்தித்தாள்கள் இப்படிப்பட்டவர்களை 'அவர்' என்று மரியாதையாக எழுதி, பக்கத்திலேயே 'ரசிகர்' என்று போடும். ரசிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் சில மணி நேரம், இது யூகோஸ்லாவியப் போரோடு தொடர்புள்ள தாக்குதலோ என்று ஊடகங்கள் சந்தேகப்பட்டன. பிறகு அந்த ஆளே சொன்னான்: கிராஃப் மறுபடியும் முதலிடத்துக்கு வர வேண்டும், அதற்கு செலஸ் ஆட முடியாமல் போக வேண்டும். 1990இல் பெர்லினில் கிராஃப் தோற்ற நாளிலிருந்து அவன் மனதில் இருந்த எண்ணம் அது. இது தெரிந்ததும் அரசியல் தாக்குதல் என்ற பேச்சு அடங்கிவிட்டது. தனிமனிதப் பித்து, அவ்வளவுதான். ஒரு பெண்ணைத் தன் மனதில் தெய்வமாக்கி வைத்துக்கொண்டு, அந்தத் தெய்வத்துக்காக இன்னொரு பெண்ணை வெட்டுவது அரசியல் இல்லை என்று முடிவு கட்ட உலகத்துக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

போட்டி நிற்கவில்லை. மலீவா அரை இறுதிக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் அரந்த்சா சான்செஸ் விகாரியோ கிராஃபை 6-3, 6-3 என்று வென்றார். கோப்பை, பூங்கொத்து, புகைப்படம். கிராஃப் மருத்துவமனைக்குப் போய் செலஸைப் பார்த்தார். இருவரும் அழுதார்கள் என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருக்க வேண்டும், டிக்கெட் விற்றாகிவிட்டது, தொலைக்காட்சிக்கு நேரம் கொடுத்தாகிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டிய பெண்ணை வெளியே தூக்கிப் போனபின் அடுத்த ஷிப்டை ஓட்டும் மேலாளரை நாம் என்ன சொல்வோம்? டென்னிஸ் மைதானத்தில் அதற்குப் பெயர் விளையாட்டு உணர்வு.

அந்த மைதானம் செலஸ் வேலை செய்த இடம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. செலஸ் அன்று வேடிக்கை பார்க்க வரவில்லை, பயணத்தில் இல்லை, வீட்டில் இல்லை. வேலை நேரத்தில், வேலைக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட நாற்காலியில், வேலையைத் திறமையாகச் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் குத்தப்பட்டார். ஹாம்பர்க்குக்கு ஏழு மாதம் முன்பு, 1992இல், ராஜஸ்தானில் பன்வாரி தேவி தன் வேலையைச் செய்ததற்காக, குழந்தைத் திருமணங்களைத் தடுத்ததற்காக, கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாக விசாகா தீர்ப்பு வர 1997 ஆயிற்று. இரண்டு பெண்களையும் ஒரு தட்டில் வைக்கவில்லை. சாதியும் பணமும் இருவருக்கும் நடுவே மலையளவு. வேலையிடத்து வன்முறையைப் பெண்ணின் சொந்தத் துரதிர்ஷ்டமாகச் சுருக்கும் பழக்கத்தில் மட்டும் கோடீஸ்வரி, ஏழை என்ற வித்தியாசம் இருந்ததில்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். அக்டோபர் 1993இல் தீர்ப்பு. இரண்டு வருடச் சிறைத்தண்டனை, ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டது. அதாவது சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஜெர்மன் சட்டப்படி இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனையை இப்படி நிறுத்திவைக்க முடியாது. சரியாக அந்த எல்லையில் தண்டனை நின்றது. தீர்ப்பளித்த நீதிபதி ஒரு பெண். குற்றத்தை ஒப்புக்கொண்டான், வருந்தினான், மனநிலை சரியில்லாதவன், கொல்லும் நோக்கம் இல்லை என்பவை அவன் பக்கம் நின்றன. மேல்முறையீட்டில் 1995இல் வந்த தீர்ப்பும் அதையே உறுதிசெய்தது.

மனநலம் குன்றியவர்களைச் சிறையில் அடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதற்காக வாதாடும் பெண்ணியவாதிகளோடு எனக்கு நிறைய சண்டை உண்டு. என் எதிர்ப்பு கடைசிக் காரணத்தின் மேல்தான். கொல்ல நினைக்கவில்லை, ஆட முடியாமல் செய்யத்தான் நினைத்தான். இது தண்டனையைக் குறைக்கும் காரணமாக எப்படி ஆனது? உடம்புதான் தொழில் என்று வாழும் ஒரு பெண்ணை அந்தத் தொழிலிலிருந்து அகற்றுவது சின்னக் குற்றம் என்று யார் முடிவு செய்தது? தறியோட்டும் பெண்ணின் விரல்களை நறுக்கியவன், 'உயிரை எடுக்கணும்னு நெனைக்கலைங்க' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? போட்டியை நடத்திய ஜெர்மன் டென்னிஸ் கூட்டமைப்பின் மேல் செலஸ் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கும் தோற்றது. அதன்பிறகு அவர் ஜெர்மனியில் ஆடவேயில்லை. 2001இல் ஆண்டிறுதிப் போட்டி மியூனிக்குக்கு வந்தபோதும் போகவில்லை.

இனி எழுதக் கடினமான பகுதி.

அந்த மே மாதம், அடுத்த களிமண் போட்டிக்காக ரோமில் கூடியிருந்த முன்னணி வீராங்கனைகளிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. செலஸ் திரும்பி வரும்வரை அவருடைய முதலிடத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாமா? கலந்துகொண்டவர்களில் கேப்ரியலா சபாத்தினி மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கினார். மற்ற எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஜூன் மாதமே கிராஃப் முதலிடத்துக்கு வந்துவிட்டார். கத்தியோடு வந்த ஆள் எதை விரும்பினானோ அது ஆறு வாரத்துக்குள் நடந்து முடிந்தது; அவனுக்காக அதைச் செய்துகொடுத்தது தரவரிசைக் கணக்கு.

பெண்களே பெண்ணுக்கு எதிரி என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு இது அல்வா. என்னுடைய மாணவிகளில் இரண்டு பேர் உடனே அதைச் சொன்னார்கள். எனக்கும் கோபம் வந்தது. பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். 1970இல் ஆண்களுக்குக் கொடுக்கும் பரிசுப்பணத்தில் ஒரு துண்டுதான் பெண்களுக்கு என்றபோது, பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள் ஒரு டாலருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியாகப் போட்டி நடத்திக் காட்டினார்கள். தடை வரும், வாழ்க்கையே போகும் என்று தெரிந்துதான் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்துதான் 1973இல் சங்கம் பிறந்தது. இருபதே வருடத்தில் அந்தச் சங்கத்தின் பெண்கள், குத்துப்பட்டுக் கிடக்கும் தோழியின் இடத்தைக்கூடக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

ஆனால் வாக்கெடுப்பின் முடிவைவிட அந்த வாக்கெடுப்பே எனக்கு அதிகமாக உறுத்துகிறது. தரவரிசை என்பது வெறும் மரியாதை இல்லை. யாரோடு எந்தச் சுற்றில் மோதுவோம், ஊக்கத்தொகை எவ்வளவு, காலணி நிறுவனம் எவ்வளவு கொடுக்கும் என்பதெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது. செலஸின் இடம் உறைந்து நின்றால் கீழே உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி கீழேயே நிற்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குமேல் எத்தனை வருடம் ஆடமுடியும் என்று தெரியாத பெண்களிடம், உன் கூலியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். விபத்தில் சிக்கிய ஊழியரின் பணியிடத்தை வைத்திருக்கலாமா வேண்டாமா என்று எந்த அலுவலகமாவது பக்கத்து மேசைக்காரர்களிடம் ஓட்டுக்கு விடுமா? அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. தன் பொறுப்பைப் போட்டியாளர்களின் தலையில் கட்டிவிட்டு அமைப்பு கையைக் கழுவிக்கொண்டது. வரலாற்றில் பழி மட்டும் பெண்கள் பெயரில் நிற்கிறது. 1995இல் செலஸ் திரும்பி வந்தபோது கிராஃபோடு சேர்த்து இணை முதலிடம் கொடுத்தார்கள். அப்போது முடிந்தது, 1993இல் ஏன் முடியவில்லை?

இருந்தாலும், சபாத்தினி கையை உயர்த்தாமல் இருந்ததை நான் நினைத்துக்கொள்கிறேன். ஆதரித்தும் வாக்களிக்கவில்லைதான். அந்த அறையில் அதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

நானும் இதில் சேர்த்திதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1993 ஜூலையில் நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். பொது அறைத் தொலைக்காட்சியில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். யானா நொவோட்னா ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். நாங்களும் அழுதோம். ஆனால் நாங்கள் எல்லோரும் கிராஃப் கட்சி. குதிரைவால் கொண்டை, அலட்டாத முகம், அடித்துவிட்டு அடுத்த பந்துக்குத் திரும்பிவிடும் அமைதி. அந்த அறையில் ஒருத்திகூட, முதல் நிலை வீராங்கனை எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு செலஸைப் பிடிக்காது. காரணம் கேட்டால் அன்று சொல்லியிருப்பேன்: ரொம்பச் சத்தம் போடுவாள்.

சத்தம். அதற்கு முந்தைய வருட விம்பிள்டனில் அதுதான் பேச்சு. செலஸ் பந்தை அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஓர் ஒலி எழும். எதிர்த்து ஆடியவர்கள் நடுவரிடம் புகார் செய்தார்கள். அரை இறுதியில் நவ்ரத்திலோவாவும் செய்தார். லண்டன் பத்திரிகைகள் அந்த ஒலியை அளந்து விளையாடின. ஜிம்மி கானர்ஸ் இருபது வருடம் உறுமிக்கொண்டே ஆடியபோது அதற்குப் பெயர் போராட்ட குணம். இறுதி ஆட்டத்தில் செலஸ் வாயை மூடிக்கொண்டு ஆடினார். 6-2, 6-1 என்று கிராஃபிடம் தோற்றார். அப்படி அடக்கிக்கொண்டது தவறு என்று பின்னாளில் வருத்தப்பட்டார். 'பொம்பள சிரிச்சாப் போச்சு' என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, விடுதிக் காப்பாளரிடம் தினமும் 'சத்தம் போடாதீங்கடி' என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, அவள் சத்தம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அமைதியான பெண்ணைத்தான் பிடித்தது. அந்த ஆளுக்கும் அவளைத்தான் பிடித்தது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கிராஃபின் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அவரும் தப்பவில்லை. ஏப்ரல் 1993க்கு முன் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் 11. அதற்குப்பின் 11. மொத்தம் 22. பிந்திய பதினொன்றின் மேலும் ஓர் அடிக்குறிப்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். செலஸ் இருந்திருந்தால் இத்தனை வந்திருக்குமா என்று முப்பது வருடமாகக் கேட்கிறார்கள். தான் கேட்காத பக்தி, தான் கேட்காத பலி, அதற்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லும் கடமை.

டென்னிஸ் எழுத்தில் இது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. செலஸ் குத்தப்படாமல் இருந்திருந்தால் எத்தனை பட்டம் வென்றிருப்பார்? 15? 20? மார்கரெட் கோர்ட்டின் 24ஐத் தாண்டியிருப்பாரா? அனுதாபத்தோடு எழுதப்படுபவைதான் இவை. 1991 தொடக்கத்திலிருந்து இரண்டு வருடங்களில் ஆடிய 34 போட்டிகளில் 33இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர், 22இல் வென்றவர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு வராத கோப்பைகளை எண்ணுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இழப்பு, அவள் ஈட்டாமல் போனவற்றின் கூட்டுத்தொகை ஆகிவிடுகிறது. தரவரிசையில் எண்பதாவது இடத்தில் இருந்த ஒருத்தி குத்தப்பட்டிருந்தால்? அவளுக்கு 'இருந்திருந்தால்' எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவளும் வலியில் கத்தியிருப்பாள், அவளும் இரவில் தூங்காமல் இருந்திருப்பாள். செலஸின் உடற்காயம் சில வாரங்களில் ஆறியது. மைதானத்துக்கு அவர் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருடத்தை எந்தக் கோப்பைக் கணக்கில் எழுதுவது?

அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். இரண்டு தடவை. 1996இல் வந்த முதல் புத்தகத்தின் தலைப்பே பயத்திலிருந்து வெற்றிக்கு என்று பயணம் போகிறது. திரும்பி வந்த முதல் போட்டியிலேயே டொராண்டோவில் கோப்பை வென்று, நியூயார்க்கில் இறுதி ஆட்டம் வரை வந்து, 1996 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றிருந்த நேரம். எல்லோரும் கேட்க விரும்பிய கதை அதுதான். அது அவருடைய கடைசி கிராண்ட் ஸ்லாம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, 2009இல் வந்த 'கெட்டிங் எ கிரிப்'. என் உடல், என் மனம், என் சுயம் என்று துணைத்தலைப்பு. ஹாம்பர்க்கைப் பற்றிப் படிக்கத்தான் இதை வாங்கினேன். வாங்கிப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. கத்தியைவிடச் சாப்பாட்டுக்குத்தான் இதில் அதிகப் பக்கங்கள். குத்துப்பட்ட அதே வருடம் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார். எடை ஏறுகிறது. பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு தட்டை நிர்ணயிக்கிறார்கள். பகலில் அவர்கள் கொடுப்பதைத் தின்றுவிட்டு இரவில் விடுதி அறையில் தனியாக. வர்ணனையாளர்கள் எடையைப் பற்றிப் பேசுகிறார்கள். 1998 மே மாதம் அப்பா இறந்துபோகிறார். சில வாரங்களில் அவர் மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாரிஸில் ஆடி இறுதி ஆட்டம் வரை வருகிறார்.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்தப் பக்கங்கள் பிடிபட்டன. கத்தி போன இடம் அதுதான். ஒன்றரை சென்டிமீட்டர் என்று மருத்துவர் எழுதியது தோலின் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் முதுகைத் திறந்து வைத்து உட்கார்வதுதான் ஒருத்தியின் வேலை. அந்த உடம்பை எதைப் போட்டாவது மூடிக்கொள்ள அவள் நினைத்ததில் ஆச்சரியம் என்ன? இதை செலஸ் இப்படி விளக்கி எழுதவில்லை. சம்பவங்களை அடுக்கிவிட்டுப் போகிறார். ஆனால் மைதானத்தில் தன்னைப் பார்த்த எல்லாக் கண்களையும் பற்றி அவர் வைத்திருக்கும் குறிப்புகள், பெண்ணுடலைப் பற்றி நம் வகுப்பறைகளில் வாசிக்கும் கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிட எனக்கு உதவின.

புத்தகத்தோடு எனக்குப் பிணக்கு அதன் கடைசிப் பகுதியில். உணவுக்கட்டுப்பாட்டை விட்டபிறகுதான் எடை குறைந்தது, தன்னை ஏற்றுக்கொண்டபிறகுதான் அமைதி கிடைத்தது என்று முடிகிறது. அவர் அமைதி அடைந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நீதிமன்றம், கூட்டமைப்பு, வாக்கெடுப்பு என்று அத்தனை பேர் செய்ததும் கடைசியில் ஒரு பெண் தன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடக்க வேண்டிய சொந்தச் சிக்கலாகிவிடுகிறது. சுயமுன்னேற்ற நூல்களின் சந்தை கேட்கும் முடிவு அது; பெண்கள் எழுதும் வலிக்கு அங்கே இந்த வாசல் வழியாகத்தான் அனுமதி. ஹாம்பர்க் அட்டவணை 'விலகினார்' என்று எழுதியது. புத்தகம் 'மீண்டார்' என்று எழுதுகிறது. இரண்டுக்கும் எழுவாய் அவர் ஒருவர்தான்.

அன்று வகுப்பில் கேள்வி கேட்ட மாணவி தன் செய்தியைத் திருத்தி எழுதினாள். முதலில் 'செலஸ் கத்தியால் குத்தப்பட்டார்' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, 'பார்வையாளர் ஒருவன் செலஸைக் குத்தினான்; ஆட்டம் நின்றது; போட்டி நிற்கவில்லை' என்று எழுதியிருந்தாள். நாலு வரி கேட்டிருந்தேன், ஒன்றரை வரிதான் வந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

ஹாம்பர்க் பெண்கள் போட்டியில் அதற்குப் பிறகு ஹிங்கிஸ் இரண்டு தடவை வென்றார், வீனஸ் வில்லியம்ஸ் இரண்டு தடவை. 2002இல் வீனஸைத் தோற்கடித்து கிம் கிளைஸ்டர்ஸ் வாங்கியதுதான் கடைசிக் கோப்பை. அதோடு போட்டி நின்றுபோனது. 1892இல் தொடங்கிய ஆண்கள் போட்டி அதே ரோதன்பாமில் தொடர்கிறது. 2021இல் அங்கே மறுபடியும் ஒரு பெண்கள் போட்டியைத் தொடங்கினார்கள். ஏப்ரல் 30க்கு அந்த அரங்கம் விட்டுச்சென்றது ஒரு நடைமுறையைத்தான்: இன்று எந்தப் பெரிய போட்டியைப் பார்த்தாலும், ஆட்டக்காரர்கள் உட்காரும்போது பாதுகாவலர்கள் வந்து ஆட்டத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று வர்ணனையாளர்கள் சொல்வதில்லை.

2025 பிப்ரவரியில், துபாயில், எம்மா ராடுகானு ஓர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே திடீரென்று நடுவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தன்னைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஆள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அழுதார். எதிரே ஆடிய கரோலினா முகோவா பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார். அந்த ஆளை வெளியேற்றினார்கள். சில நிமிடங்களில் ராடுகானு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஆட்டத்தை ஆடி முடித்தார். முடிவுப் பட்டியலில் முகோவா 7-6, 6-4 என்று இருக்கிறது.